கழித்தல் குறி காதில் விழாது

வில்யந்தியில் பிப்ரவரி. ஏரி கரைவரை உறைந்துவிட்டது.
அரங்கத்துக் கூரை ஒழுகுவதால்
பள்ளிப் பியானோ என் கணக்கு வகுப்பில்
ஒதுங்கி நிற்கிறது, கரும்பலகையை மறைக்காமல்.

முப்பத்தோரு விடைத்தாள். கேள்வி ஒன்றுதான்:
இரண்டு சைன்களைக் கூட்டினால்
ஒரு சைனும் ஒரு கொசைனும் பெருக்கிய தொகையின்
இருமடங்கு. நிறுவுக.

ஒருவன் முப்பது பாகையும் அறுபது பாகையும் போட்டுப் பார்த்து
'சரியாக வருகிறது, ஆகவே உண்மை' என்கிறான்.
ரைலி இடப்பக்கத்திலிருந்து நாலு வரி இறங்கி
வலப்பக்கத்திலிருந்து மூன்று வரி ஏறி
இரண்டும் சேராத இடத்தில்
சமக்குறியைப் பலகைபோல் போட்டுத் தாண்டிவிட்டாள்.
சிவப்பு மையில் சுழித்தேன்.

சுருதி சேர்க்க வந்த உர்வே தம்மிக்
ஈரக் கையுறையைச் சூடேற்றியின்மேல் காயவைத்து,
மூன்று தந்தியில் ஒன்றைக் கம்பளித் துண்டால் வாயடைத்து,
மற்ற இரண்டையும் தட்டினார்.
உவ்வாங். உவ்வாங்.
'பலகையில் என்ன எழுதியிருக்கிறது?'
சொன்னேன்.
'அட, இது என் பிழைப்பாயிற்றே!'

உற்சாகம் வந்துவிட்டது எனக்கு. சாக்பீஸ் எடுத்தேன்.
ஒரு கோணத்தை நடு கூட்டல் விலகல் என்று எழுதுங்கள்,
மற்றதை நடு கழித்தல் விலகல்.
விரித்தால் நாலு உறுப்பு.
நடுவின் சைன், விலகலின் கொசைன்: இரண்டு முறை வரும், ஒட்டிக்கொள்ளும்.
நடுவின் கொசைன், விலகலின் சைன்: அதுவும் இரண்டு முறை,
ஒன்று கூட்டலாக, ஒன்று கழித்தலாக.
வந்த சுவடே இல்லாமல் இரண்டும் போய்விடும்.
அவ்வளவுதான். நிறுவப்பட்டது.

'என் தந்தி ஒன்று நானூற்று நாற்பது,
இன்னொன்று நானூற்று நாற்பத்திரண்டு.'
'அப்படியானால் நடு நானூற்று நாற்பத்தொன்று.
விலகல் ஒன்று.
நொடிக்கு ஒரு துடிப்பு.'

'பொய்' என்றார்.

கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பியானோமேல் வைத்தார்.
பத்து நொடி. விரல்விட்டு எண்ணினோம்.
இருபது.

மறுபடி விரித்தேன். ஒரு வரியும் இடறவில்லை.
மறுபடி தட்டினார். இருபது.
பதினேழு வருடமாக நான் நம்பியிருக்கும் வரியும்
நாற்பது வருடமாக அவர் நம்பியிருக்கும் காதும்
ஒரே அறையில், ஒன்றுக்கொன்று இருமடங்காக.
ஜன்னலில் பனி. யாரும் விட்டுக்கொடுப்பதாயில்லை.

குடுவையிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டே கேட்டார்:
'உங்கள் கொசைன் ஒன்றிலிருந்து இறங்கி எங்கே போகும்?'
'பூஜ்யத்துக்கு.'
'அங்கே சத்தம் அடங்கும். அப்புறம்?'
'கழித்தல் ஒன்றுக்கு.'
'கழித்தல் என்றால் சத்தம் குறைச்சலா?'

சாக்பீஸ் என் கையிலேயே நின்றது.
இல்லை. அதே சத்தம்தான். அலை தலைகீழ், அவ்வளவே.
'கதவைத் தள்ளினாலும் இழுத்தாலும்
கீல் ஒரே மாதிரிதான் கிறீச்சிடும்' என்றார் உர்வே.
ஒரு சுற்றில் இரண்டு முறை பூஜ்யம்,
இரண்டு முறை நிறைவு.
காகிதம் ஒன்று என்கிறது. காது இரண்டு என்கிறது.
இரண்டும் சரி.
தாளில் ஒரு கோடு கிழித்தால் போதும் கழித்தலுக்கு;
காதில் அது விழவே விழாது.

சாவியை மயிரிழை திருப்பினார்.
துடிப்பு நீண்டது, சோம்பியது,
ஒரு மூச்சு அளவானது,
இல்லாமல் போனது.
விலகல் பூஜ்யம், அதன் கொசைன் ஒன்று.
முற்றொருமை இப்போதும் உண்மைதான்;
சொல்வதற்குத்தான் அதனிடம் எதுவுமில்லை.

முப்பது பாகைக்காரனுக்கு மதிப்பெண் போடவில்லை.
'காது நல்ல காது' என்று ஓரத்தில் எழுதி
பிறகு அதை அடித்துவிட்டேன்.

ரசீதில் இரண்டு மணி நேரம் என்றிருந்தது.
அதில் அரை மணி என் சூத்திரத்தோடு மல்லுக்கட்டியது.
நான் கழிக்கவில்லை.